மெஜஸ்டிக்கின் துணி முகங்கள்

பாடை கட்டாமல், ஊருக்குச் சொல்லி அனுப்பாமல், பத்தாம் நாள் காரியம் காணாமல் போய்ச் சேர்ந்த பெரியவர்களின் வரிசையில் கையால் தீட்டிய சினிமா பேனரையும் சேர்க்க வேண்டும். எந்த வெள்ளிக்கிழமை அது கடைசியாகத் தியேட்டர் முகப்பில் ஏறியது, எந்த வியாழக்கிழமை இரவு கடைசியாக இறங்கியது என்று பெங்களூரு மெஜஸ்டிக்கில் யாரைக் கேட்டாலும் உதடு பிதுக்குகிறார்கள். இறந்த திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையன்று எள்ளும் தண்ணீரும் இறைப்பது நம் வீடுகளில் வழக்கம். திதி தெரியாத இந்தப் பெரியவருக்கு என்னால் ஆனது இந்தச் சில பக்கங்கள்.

ஒக்கலிபுரத்தில் வளர்ந்தவர்களுக்குச் சினிமா என்பது ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. பாலத்தடியில் தேங்கிய தண்ணீரைத் தாண்டி, தலைக்கு மேல் ஓடும் ரயிலின் அதிர்வு அடங்குவதற்குள் வெளியே வந்துவிட்டால் மெஜஸ்டிக்கும் காந்தி நகரும் விரியும். கபாலி, நர்த்தகி, சந்தோஷ், ஸப்னா, சாகர், மேனகா, ஸ்டேட்ஸ், அலங்கார் என்று கூப்பிடு தூரத்துக்கு ஒரு தியேட்டர். சேஷாத்ரிபுரத்துப் பக்கம் தமிழ்ப் படங்களுக்கு நட்ராஜ். பின்னி மில்லுக்கும் ராஜா மில்லுக்கும் ஷிப்டு போய்வந்த குடும்பங்களில் டிக்கெட்டுக்குக் காசு கிடைக்கும் வாரங்கள் குறைவு. ஆனால் பேனர் பார்க்க யாரும் காசு கேட்கவில்லை. புதுப்படம் வரும் வெள்ளிக்கு முந்தின நாள் மாலை, மூங்கில் சாரத்தில் ஆட்கள் ஏறி நின்று, துணி அறைந்த சட்டங்களைக் கயிறு கட்டி ஒவ்வொன்றாக மேலே இழுப்பதையும், முதலில் தாடை, பிறகு மூக்கு, பிறகு நெற்றி என்று ஒரு முகம் கீழிருந்து மேலாகக் கூடிவருவதையும், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து நின்ற பிள்ளைகளில் நானும் ஒருவன். எழுத்துக் கூட்டத் தெரிவதற்கு முன்பே எங்களுக்கு நாயகன் யார், வில்லன் யார், யார் கடைசியில் சாகப்போகிறார் என்பதெல்லாம் அந்த வண்ணங்களைப் பார்த்தே தெரிந்துவிடும்.

இந்தப் பெரியவரின் பூர்வீகம் நாடகக் கொட்டகை. அரண்மனையும் காடும் நதிக்கரையும் எழுதிய திரைச்சீலைகளைக் கம்பெனி நாடகங்களுக்குத் தீட்டிக் கொடுத்த கைகள்தான், சினிமா வந்தபோது சினிமாவுக்கு வந்தன. கோலாப்பூரின் பாபுராவ் பெயின்டர் அப்படி நாடகத் திரை எழுதிக்கொண்டிருந்து, பிறகு படமெடுத்து, தன் படங்களுக்குத் தானே விளம்பரம் தீட்டியவர். பின்னாளில் உலகமே அறிந்த எம்.எஃப். ஹுசேன் இளமையில் பம்பாயில் வயிற்றுப்பாட்டுக்காகச் சினிமாப் பலகைகள் வரைந்தார். கன்னட நாட்டில் குப்பி வீரண்ணாவின் கம்பெனி காட்சி ஜோடனைக்குப் பேர்போனது. கன்னட நடிகர் ராஜ்குமாரே அந்தக் கம்பெனியில் வளர்ந்த பிள்ளைதான். 1934 மார்ச்சில் முதல் கன்னடப் பேசும்படமான ‘சதி சுலோசனா’ சிட்டி மார்க்கெட் பக்கம் பாரமௌன்ட் கொட்டகையில் ஓடியபோது, ஊரில் எழுத்தறிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? வண்ணத்தில் எழுதிய முகம்தான் எல்லோருக்கும் புரியும் மொழியாக இருந்தது. சென்னையிலோ அந்த முகம் துணிக்குள் அடங்காமல் பலகையில் வெட்டிய உருவமாக எழுந்து நின்றது. 1957-ல் ‘வணங்காமுடி’க்காகச் சித்ரா தியேட்டரில் சிவாஜிக்கு வைத்த கட்-அவுட்டை 80 அடி என்று இன்றும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். அங்கிருந்து அது அரசியலுக்குப் போன கதை தனி. அதை இங்கே இழுக்க எனக்கு விருப்பமில்லை.

எங்கள் பின்தெருவில் ஒரு பட்டறை இருந்தது. கூரையைவிடச் சுவர் உயரமாக இருக்கும். ஒரு பக்கச் சுவர் முழுக்கச் சட்டங்கள் சாய்ந்திருக்கும். காடாத் துணியைத் தைத்து அகலமாக்கி, மரச்சட்டத்தில் இழுத்து ஆணியடித்து, வஜ்ரப் பசையில் வெள்ளைப் பொடி குழைத்து மெழுகிக் காயப்போட்டால், மறுநாள் விரலால் சுண்டும்போது தம்பட்டம் போலச் சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால்தான் துணி தயார். படக் கம்பெனியிலிருந்து வந்த ஸ்டில்லின் மேல் பென்சிலால் சின்னக் கட்டங்கள், துணியின் மேல் வண்ணப் பொடி தோய்த்த நூலைத் தட்டிப் பெரிய கட்டங்கள். ஒரு கட்டத்தில் இருப்பதை இன்னொரு கட்டத்துக்குக் கொண்டுபோனால் உள்ளங்கையளவு முகம் ஆளுயரமாகிவிடும். பொடி வண்ணத்தை ஆளிவிதை எண்ணெயில் குழைப்பது சின்னப் பையன்களின் வேலை. உடம்பும் சட்டையும் பின்னணியும் நடுத்தரக் கைகளுக்கு. எழுத்துக்குத் தனி ஆள்: கன்னடத்தின் வளைவும் தமிழின் சுழியும் ஒரே தூரிகையில் வரவேண்டும், படப்பெயர் பஸ்ஸில் போகிறவன் கண்ணுக்கும் எட்டவேண்டும். முகம் மட்டும் மாஸ்டருக்கு. அதிலும் கண்ணை அவர் கடைசியில்தான் தொடுவார். சிற்பி கண் திறப்பது போல, வேலையெல்லாம் முடிந்து, கை கழுவி, ஒரு டீ குடித்துவிட்டு வந்துதான் விழியில் அந்த வெள்ளைப் புள்ளியை வைப்பார்.

ஒருநாள் வண்ண டப்பாவை ஏந்திக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நிற்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. முழங்கை தூரத்தில் பார்த்தபோது அங்கே முகமே இல்லை. கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் பச்சையில் ஒரு பட்டை, அதை மேவிக் கத்தரிப்பூ நிறம், காவியில் ஓர் அகலக் கோடு, உலராத நீலத்தின் மேல் கத்தியால் இழுத்த மஞ்சள். எண்ணெய் வாசனை மூக்கில் ஏற, எனக்கு அழுகையே வந்துவிட்டது; மாஸ்டர் படத்தைக் கெடுத்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. “கிட்ட நின்னு பாக்காதே தம்பி, ரோட்டைத் தாண்டிப் போயி பாரு” என்றார். போய்ப் பார்த்தேன். பச்சை நிழலாயிற்று, காவி கன்ன எலும்பாயிற்று, மஞ்சள் கோடு கண்ணீராயிற்று. ஒரு தாய் அழுதுகொண்டிருந்தாள்.

பல வருடங்களுக்குப் பிறகு டில்லியில், கஸ்தூர்பா காந்தி மார்க்கில், சார்லஸ் கொரியா கட்டிய பிரிட்டிஷ் கவுன்சில் கட்டடத்தின் முன் நின்றேன். வெள்ளை மக்ரானா சலவைக்கல்லிலும் கறுப்புக் கடப்பைக் கல்லிலும் ஒரு பெரிய மரத்தின் நிழல் முகப்பு முழுக்கப் படர்ந்திருந்தது. அதை வடிவமைத்தவர் ஹோவர்ட் ஹாட்ஜ்கின். போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் ஓவியர்களில் முதல் வரிசைக்காரர், 1985-ல் டர்னர் பரிசு பெற்றவர். 1964-ல் முதன்முதலாக இந்தியாவுக்கு வந்து, அதன்பின் வாழ்நாளெல்லாம் திரும்பித் திரும்பி வந்தவர். அவருடைய அச்சுப் படங்களைப் பிறகு தேடிப் பார்த்தேன். தகட்டிலிருந்து தாளில் அச்சு இறங்கியதோடு அவற்றின் வேலை முடிந்துவிடாது. அவர் சொன்னபடி உதவியாளர்கள் ஒவ்வொரு தாளையும் எடுத்து வைத்துக் கையால் வண்ணம் தீட்டுவார்கள். அச்சு ஒன்றுதான், ஆனால் தாளுக்குத் தாள் தூரிகை தனியாக ஓடியிருக்கும். பச்சைப் பட்டையும் காவிச் சுழியும் மட்டும் தெரியும். தலைப்பைப் படித்தால் அது ஒரு மழைநாள் என்றோ ஒரு அறை என்றோ இருக்கும். ஓவியத்தைச் சட்டத்துக்குள் நிறுத்தாமல் சட்டத்தின் மேலும் வண்ணத்தை ஓடவிடுவது அவர் வழக்கம்.

அரூப ஓவியம் நமக்குப் புரியாது என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். எனக்கு அது அந்நியமாகவே படவில்லை. முழங்கை தூரத்தில் நின்று அதே பச்சையையும் காவியையும் ஏழு வயதில் பார்த்தவன் நான். சட்டத்தை மீறும் வண்ணமும் புதிதல்ல. நாயகனின் தூக்கிய கை பேனரின் மேல்விளிம்பைத் தாண்டி ஆகாயத்தில் நிற்பதை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு குரு கோடு காட்ட, சீடர்களின் கைகள் வண்ணம் நிரப்பும் முறையும் எங்கள் பின்தெரு முறைதான். ஹாட்ஜ்கினின் தாள்களை அருங்காட்சியகங்கள் வெளிச்சம் படாமல் பாதுகாக்கின்றன, அது நியாயம். எங்கள் பேனரின் மூலையிலும் ஏதோ ஒரு ‘ஆர்ட்ஸ்’ என்று சின்ன எழுத்தில் பெயர் இருந்தது. ஐம்பது நாள் ஓட்டம் முடிந்ததும் அதன்மேல் வெள்ளை பூசினார்கள்.

பேனர் செய்த ஊழியத்தைச் சொல்ல வேண்டும். ஓவியக் கண்காட்சிக்குள் ஒருமுறையும் கால் வைக்காத ஒரு பேட்டைக்கு, வாரந்தவறாமல் புது ஓவியம் கொண்டுவந்து மாட்டியது அது ஒன்றே. நடுச்சாலையில் நிற்கிற பெரியவர் போல வழியும் காட்டியது: “நர்த்தகியில விஷ்ணுவர்த்தன் நிக்கிறாரே, அங்க திரும்பு” என்றுதான் ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்வோம். நூறாவது நாள் மாலையை அது வாங்கிக்கொண்டது, ரசிகர்கள் ஊற்றிய பாலைத் தாங்கியது, ஜூலை மழையில் நனைந்தது. ஜிகினா உதிர்ந்தாலும் எண்ணெய் வண்ணம் மட்டும் கரையவில்லை.

1991 டிசம்பரில் காவிரித் தகராறை முன்னிட்டு ஊர் பற்றியெரிந்ததை ஸ்ரீராமபுரத்துக்கும் ஒக்கலிபுரத்துக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழ்ப் படங்களின் பேனர்கள் இரவோடு இரவாக இறங்கின. பட்டறை சாத்திக் கிடந்தது. மறுபடி திறந்தபோது உள்ளே முதலில் சாய்ந்து நின்றது ராஜ்குமாரின் முகம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் கை, அந்தக் கூர்மூக்கின் ஓரத்து ஒளியைப் பயபக்தியோடு இழுத்துக்கொண்டிருந்தது. தன் தெய்வத்தின் முகத்தை யார் எழுதினார்கள் என்று கீழே தேங்காய் உடைத்தவர்கள் கேட்கவில்லை, எழுதியவரும் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த முகத்தில் வேற்றுமை தெரியவில்லை என்பதை நான் இரண்டு கண்ணாலும் பார்த்தவன்.

பேனருக்கு நோய் மெல்ல வந்தது. சிவகாசியில் அச்சாகி வந்த போஸ்டர்கள் சுவர்களை நிறைத்தபோது அது கவலைப்படவில்லை. சுவர் வேறு, முகப்பு வேறு. 2000-க்குப் பிறகு வந்த பிளெக்ஸ்தான் அதன் மூச்சை நிறுத்தியது. பட்டறையே கூடி ஒரு வாரம் பாடுபட்ட அளவை இயந்திரம் டீ குடித்து வருவதற்குள் துப்பியது. தயாரிப்பாளருக்குச் செலவு மிச்சம், நடிகருக்குத் தன் முகம் மயிரிழை மாறாமல் வருகிற திருப்தி. யாரைக் குறை சொல்ல? தூரிகை பிடித்தவர்கள் கடைப்பலகைக்கும், பள்ளிக்கூடச் சுவருக்கும், பிள்ளையார் பொம்மைக்கும் போனார்கள். சிலர் பிளெக்ஸ் கடையிலேயே கணினி முன் உட்கார்ந்தார்கள். 2009-ல் மாநகராட்சி நகரத்துச் சுவர்களில் அரண்மனையும் ஜோக் அருவியும் யட்சகானமும் தீட்டச் சினிமா பேனர் ஓவியர்களை அழைத்தது. சாகக் கிடப்பவர் ஒருநாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பாரே, அப்படி ஒரு மலர்ச்சி அது. அந்தச் சுவர்களின் பச்சையில் பழைய கன்னத்து நிழல் தெரிந்ததாக எனக்குத் தோன்றும்.

மாட்டுவதற்கு முகப்புகளும் இல்லாமல் போயின. அலங்கார் போயிற்று, சாகர் போயிற்று, பேட்டைக்கே பெயர் கொடுத்த மெஜஸ்டிக் தியேட்டர் எப்போதோ போயிற்று. 1968-ல் திறந்த கபாலி 2017-ல் தன் கடைசிக் காட்சியை ஓட்டியது. அதே 2017 மார்ச்சில் லண்டனில் ஹாட்ஜ்கின் காலமானார். ராஜா மில் இருந்த இடத்தில் எழுந்த மாலில் படம் பார்க்கப் போகிறவர்கள் எந்த முகத்தையும் அண்ணாந்து பார்ப்பதில்லை. 2018 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் கடிந்துகொண்டதும் மாநகராட்சி பிளெக்ஸ்களை ஆயிரக்கணக்கில் கிழித்து இறக்கியபோது, பழைய கைகள் சில தூரிகையைத் தேடி எடுத்தன என்று கேள்விப்பட்டேன். அழைப்பு வரவில்லை.

ஏன் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று கேட்கிறார்கள். துணி விலையுயர்ந்தது, அதனால்தான். ஒரு துணி பல படங்களைச் சுமந்தது. வெள்ளையடித்து அடுத்த முகம், மறுபடி வெள்ளை, மறுபடி முகம். இனி தாங்காது என்று நைந்த பிறகும் அது சும்மா இருக்கவில்லை. ரயில் பாதையோரக் குடிசைகளுக்குக் கூரையானது. எண்ணெய் ஏறிய துணி ஒழுகாது. அப்படி ஒரு குடிசையின் மேல் வெயிலில் உரிந்த சிவப்புக்குக் கீழே, முந்தின படத்து நாயகியின் ஒற்றைக் கண், மாஸ்டர் வைத்த வெள்ளைப் புள்ளியோடு திறந்தே இருந்ததை ஒக்கலிபுரத்தில் நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணிலோ பழைய பட்டறையிலோ அந்தத் துணியின் ஒரு முழம் இருந்தால்கூட எறிந்துவிடாதீர்கள். மடிக்காதீர்கள், மடித்த இடத்தில் வண்ணம் வெடித்துவிடும். நிழலில் உலர்த்தி, தடித்த குழாயொன்றில், வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி, நடுவில் பருத்தித் துணி கொடுத்துச் சுருட்டி, ஈரம் அண்டாத இடத்தில் வையுங்கள். சுருட்டுவதற்கு முன் ஒரு மாலை நேரம் அதை வாசலில் தொங்கவிட்டு, ரோட்டைத் தாண்டிப் போய் நின்று பாருங்கள்.