கன்ட்ரோல் லைன் மாதிரி விமானம்: திருச்சி, ஸ்ரீரங்கம் வட்டாரம்

கன்ட்ரோல் லைன் விமானம் என்பது இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகளின் முனையில் வட்டமாகப் பறக்கும் மாதிரி விமானம். வட்டத்தின் நடுவில் நிற்பவர் கைப்பிடியை மேலும் கீழும் சாய்க்கிறார். அந்த அசைவு கம்பிகள் வழியே போய், இறக்கைக்குள் பொருத்தியிருக்கும் பெல்கிராங்க் என்ற சிறு நெம்புகோலைத் திருப்புகிறது. அதிலிருந்து புறப்படும் தண்டு வாலில் உள்ள எலிவேட்டர் என்ற அசையும் தகட்டை ஏற்றி இறக்குகிறது. மேலேறுவது, கீழிறங்குவது, தலைகீழாகப் பறப்பது, குட்டிக்கரணம் போடுவது எல்லாம் இந்த ஒரே கட்டுப்பாட்டில் அடங்கும். இந்தியாவில் இது என்.சி.சி. எனும் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு வழியாகத்தான் பெரும்பாலும் மாணவர்களின் கைக்கு வந்தது, திருச்சியிலும் அப்படியே. ரேடியோவும் ட்ரோனும் வந்தபிறகு, காலம் முடிந்த விளையாட்டு என்று இதை ஒதுக்கிவைப்பது வழக்கமாகிவிட்டது. அந்தத் தீர்ப்பு தவறு. விமானவியலின் அடிப்படைகளைக் குறைந்த செலவில், குறுகிய இடத்தில், கையால் உணர்ந்து கற்க இதைவிட நல்ல கருவி மாணவருக்கு இன்னும் வரவில்லை. திருச்சியின் இட அமைப்பும் காற்றும் கல்லூரிகளும் இதற்கு நன்றாகவே பொருந்துகின்றன.

கட்டிப் பறக்கவிடுவது விளையாட்டாகும் முன்பே ஆராய்ச்சி முறையாக இருந்தது. 1804இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி, சுழலும் கோலின் முனையில் தகட்டைப் பொருத்திக் காற்றின் தாங்குவிசையை அளந்தார். 1879இல் பிரான்சின் விக்டர் டாட்டின், அழுத்தக் காற்றால் இயங்கும் மாதிரி ஒன்றைக் கம்பத்தில் கட்டி வட்டமாக ஓடவிட்டார். அது தரையை விட்டு எழுந்தது. ஆனால் இந்த இரண்டிலும் நடுவில் நின்று ஓட்டுபவர் கிடையாது. அவரைக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்கர்கள். ஒரிகன் மாநிலத்தின் ஜிம் வாக்கர் 1940இல் ‘ஃபயர்பால்’ என்ற மாதிரியை விற்பனைக்குக் கொண்டுவந்து, இரு கம்பி முறைக்குக் காப்புரிமையும் பெற்றார். அதே காலத்தில் டெக்சாஸின் விக்டர் ஸ்டான்செல் வேறொரு கம்பி முறையை விற்றுக்கொண்டிருந்தார். 1950களின் நடுவில் வாக்கர், இன்ஜின் தயாரிப்பாளர் லெராய் காக்ஸ் மீது வழக்குத் தொடுத்தார். அப்போது, 1937இலேயே பெல்கிராங்க் வைத்த விமானத்தைப் பறக்கவிட்டவர் அதே ஒரிகனின் ஓபா செயின்ட் கிளேர் என்பது நிரூபணமாகி, காப்புரிமை நிற்கவில்லை. கண்டுபிடித்தவர் செயின்ட் கிளேர், பரப்பியவர் வாக்கர் என்று சொல்வதே நியாயம். 1960இல் புடாபெஸ்டில் உலகப் போட்டி நடந்தது. வேகம், சாகசம், அணிப் பந்தயம், சண்டை என்று நான்கு பிரிவுகள் இன்றும் சர்வதேச விதிகளில் இருக்கின்றன.

இந்தியாவில் 1948இல் என்.சி.சி. சட்டம் வந்தது, 1950இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் விமானப் பிரிவுகள் தொடங்கின. விமானப் பிரிவின் பாடத்திட்டத்தில் மாதிரி விமானம் கட்டும் ஏரோ மாடலிங் இடம்பிடித்தது. விமானப் பிரிவு மாணவர்களுக்கான அகில இந்திய வாயு சைனிக் முகாமின் போட்டிகளில் கன்ட்ரோல் லைனும் ஒன்றாயிற்று. மாடல்களைக் கட்டவும் பறக்கவிடவும் சொல்லித்தர ஏரோ மாடலிங் பயிற்றுநர் என்று ஒரு பணியிடமே உண்டு. கல்கத்தாவில் தயாரான ‘அரோரா’ 1.5 சி.சி. டீசல் இன்ஜின், இறக்குமதி கடினமாக இருந்த ஆண்டுகளில் நாடெங்கும் பழக்கமான பெயர். திருச்சி, என்.சி.சி.யின் குழுமத் தலைமையகங்களில் ஒன்று; தொழில்நுட்ப விமானப் பிரிவும் இங்கே இருக்கிறது. ஒரு பொழுதுபோக்கு கடை வழியாகப் பரவும்போது காசுள்ளவரைத்தான் அடையும். சீருடையோடும் சான்றிதழோடும் பரவியதால், கிராமத்திலிருந்து கல்லூரிக்கு வந்த மாணவரையும் இது எட்டியது. இந்திய வரலாற்றில் இந்தக் கலையின் தனித்தன்மை இதுதான்.

திருச்சிக்கும் விமானத்துக்கும் உறவு பழையது. இங்குள்ள விமானத்தளத்தை இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்தியது. ஏ.பி.ஜே. அப்துல் கலாம் 1954இல் இயற்பியல் பட்டம் பெற்றது திருச்சி புனித வளனார் கல்லூரியில். விமானப் பொறியியல் படிக்கக் கலாம் முந்நூறு கிலோமீட்டர் தாண்டிக் சென்னைக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்குப் போக வேண்டியிருந்தது. அங்கே காட்சிக்கு வைத்திருந்த, பணி ஓய்வு பெற்ற விமானங்கள் தம்மை எப்படி ஈர்த்தன என்று அவரே எழுதியிருக்கிறார். புத்தக இயற்பியலுக்கும் தொட்டுப் பார்க்கும் விமானத்துக்கும் நடுவே இருந்த அந்தத் தூரத்தை ஒரு கல்லூரி மைதானத்திலேயே குறைக்கக்கூடியது கன்ட்ரோல் லைன்.

கட்டுமானத்தில் முதல் கேள்வி எடை. பால்சா மரம் தேக்கின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான், ஈக்வடாரிலிருந்து வருகிறது. இறக்கைக்கு வடிவம் தரும் ரிப்களை பால்சாவில் வெட்டி, நீளவாட்டில் ஓடும் ஸ்பாரில் கோர்த்து ஒட்டி, மேலே மெல்லிய தாளைப் போர்த்தி டோப் என்ற பூச்சைப் பூசுவார்கள். டோப் காயக் காயத் தாள் இறுகி முரசுத் தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். இன்ஜினைத் தாங்கும் கட்டைகளுக்கு மட்டும் கடினமரம். இந்த விமானத்துக்கே உரிய நுணுக்கங்கள் இனிமேல்தான் வருகின்றன. வட்டத்தின் நடுவிலிருந்து கம்பி எப்போதும் இறுகி நிற்க வேண்டும். தளர்ந்தால் கட்டுப்பாடு போய்விடும். அதனால் இன்ஜினின் முகத்தைச் சில பாகை வெளிப்பக்கம் திருப்பி வைப்பார்கள். கம்பிகளின் எடையை ஈடுகட்ட வெளி இறக்கையின் நுனியில் சிறு ஈயத்துண்டு வைப்பார்கள். கம்பிகள் இறக்கையை விட்டு வெளியே வரும் இடம் ஈர்ப்பு மையத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். ஈர்ப்பு மையம் பின்னால் தள்ளிப்போனால் விமானம் பைத்தியம் பிடித்தது போல மேலும் கீழும் துள்ளும். முன்னால் போனால் மந்தமாகிவிடும். பாடப்புத்தகத்தில் சமன்பாடாக இருக்கும் நிலைத்தன்மை இங்கே மணிக்கட்டில் தெரிகிறது.

எரிபொருளில் திருச்சியின் வெயில் நேராகத் தலையிடுகிறது. மாதிரி டீசல் இன்ஜினுக்கு ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் ஏறக்குறைய சம அளவில் கலப்பது வழக்கம். விளக்கெண்ணெய்க்குப் பஞ்சமில்லை, ஆமணக்கு சேலம், நாமக்கல் பக்கம் விளைகிறது, உலகிலேயே அதிகமாக அந்த எண்ணெயை எடுப்பதும் இந்தியாதான். ஈதர் மட்டும் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸில் கொதித்துவிடும். சித்திரை வைகாசியில் திருச்சியின் பகல் வெப்பம் அதைத் தாண்டுகிறது. மூடி சரியில்லாத டப்பாவிலிருந்து ஈதர் பறந்துபோனால் மீதி உள்ள கலவையில் இன்ஜின் பற்றாது. அந்த ஆவி தீப்பிடிக்கவும் தயங்காது. ஆகவே நிழலில், விடியற்காலையில், அன்றைக்குத் தேவையான அளவு மட்டும் கலப்பதே சரி. சூடேறிய கம்பிச்சுருளால் பற்றும் க்ளோ இன்ஜினுக்கு மெத்தனால் வேண்டும். அதை வாங்கவும் வைத்திருக்கவும் தமிழ்நாட்டில் உரிமம் தேவை, கள்ளச்சாராயச் சாவுகளைப் பார்த்த மாநிலத்தில் அது நியாயமும்கூட. இன்று உலகப் போட்டிகளிலேயே மின்மோட்டார் இடம்பிடித்துவிட்டதால், புதிதாகத் தொடங்குபவருக்கு இந்தத் தொல்லைகள் எதுவும் வேண்டியதில்லை.

முதல் பறப்புக்கு முன் செய்ய வேண்டியவை கண்டிப்பானவை. கைப்பிடியை மேலே சாய்த்தால் எலிவேட்டர் மேலே போகிறதா என்று பார்க்க வேண்டும். கம்பிகள் மாறிப்போயிருந்தால் விமானம் எழுந்த நொடியே தரையில் குத்தும். பிறகு இழுத்துப் பார்க்கும் சோதனை. அரை கிலோ விமானம் 16 மீட்டர் கம்பியில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றினால், சுற்றுக்கு நான்கு நொடி. கையை இழுக்கும் விசை ஏறத்தாழ இரண்டு கிலோ எடைக்குச் சமம், அதாவது விமானத்தின் எடையைப் போல நான்கு மடங்கு. சோதனையில் இதைவிட அதிகமாகவே இழுப்பார்கள். அடுத்தது காற்று. ஆடியில் திருச்சியில் மேற்குக் காற்று புழுதியோடு வீசும். விமானம் வட்டத்தின் கிழக்குப் பாதியில் இருக்கும்போது காற்று அதை வெளியே தள்ளிக் கம்பியை இறுக்கும். மேற்குப் பாதியில் ஓட்டுபவரை நோக்கித் தள்ளித் தளர்த்தும். எனவே கரணங்கள் எல்லாம் கிழக்குப் பக்கத்தில்தான். முதல் பறப்புக்குத் தை, மாசி மாதத்து அமைதியான காலைகளே உகந்தவை. முதல் சில சுற்றுகளில் மட்டமாகப் பறப்பதைத் தவிர வேறெதையும் முயலக் கூடாது.

கயிற்றில் கட்டிய எதுவும் பறப்பதாகாது என்பது பழைய ஆட்சேபம். ஆனால் கம்பி பக்கவாட்டில்தான் இழுக்கிறது. மட்டமாகப் பறக்கையில் எடையைத் தாங்குவது இறக்கை மட்டுமே. நேர் தலைக்கு மேலே வரும்போது எடையும் கம்பிக்கு எதிராகத் திரும்புகிறது. வேகம் குறைந்தால் விமானம் விழும். இரண்டாவது ஆட்சேபம் வலுவானது: உருள்வதையும் திரும்புவதையும் இது கற்றுத்தராது. உண்மைதான், ரேடியோ விமானம் அதைக் கற்றுத்தரும். ஆனால் இன்றைய ட்ரோனில் கைரோவும் மென்பொருளும் கட்டியவரின் பிழையை மூடிமறைக்கின்றன. இங்கே தவறான எடைப்பகிர்வும் கோணிய இறக்கையும் முதல் சுற்றிலேயே வெளிப்படும். தவிர, 2021 ட்ரோன் விதிகளின்படி விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் தரைமட்டத்திலிருந்தே ட்ரோனுக்கு அனுமதி வேண்டும். காஜாமலை, பொன்மலை எல்லாம் அதற்குள் வருபவை. கன்ட்ரோல் லைன் சாகசப் பிரிவிலோ கம்பியின் உச்ச நீளம் 21.5 மீட்டர். விமானம் எவ்வளவு ஏறினாலும் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் 72 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாது. அப்படியிருந்தும் விமான நிலைய நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டு பறக்கவிடுவதே முறை.

மூன்றாவது ஆட்சேபம் ஆபத்து. இதில் சமரசத்துக்கு இடமில்லை. எஃகுக் கம்பி மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பி அருகில் போகும் எந்த இடமும் இதற்கு ஆகாது. ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதி, சித்திரை வீதிகளில் இதற்கு வழியே இல்லை. ஆற்றுமணல் திறந்த வெளியாகத் தெரிந்தாலும், மேலே மின்தடம் கடக்கிறதா, ஆள்நடமாட்டம் உண்டா என்று பார்க்காமல் இறங்கக் கூடாது. கைப்பிடியின் வார் மணிக்கட்டில் மாட்டியிருக்க வேண்டும். வட்டத்துக்குள் வேறொருவர் கால்வைக்கக் கூடாது. தேவைப்படும் இடமோ ஐம்பது மீட்டர் அகலம்தான். கால்பந்து மைதானம் ஒன்றுக்குள் அடங்கிவிடும். திருச்சிக் கல்லூரிகளில் அத்தகைய மைதானங்கள் இருக்கின்றன, சொல்லித்தரும் பயிற்றுநர்களும் இருக்கிறார்கள். மின்தடம் இல்லாத ஒரு மைதானத்தில் சுண்ணாம்பால் நிரந்தர வட்டம் ஒன்றை வரைந்து, வாரம் ஒரு காலை என்.சி.சி.யில் சேராத மாணவர்களுக்கும் அதைத் திறந்துவிடக் கல்லூரி நிர்வாகங்கள் முன்வர வேண்டும்.