திருவொற்றியூர் முகமும் சௌராஷ்டிர உடலும்

சௌராஷ்டிரத்துச் சாலைகளில் சென்ற அன்பர்கள் ‘சக்டோ’ என்னும் வண்டியைக் கண்டிருப்பர். முன்பாதி மோட்டார் சைக்கிள்; பின்பாதி கட்டைவண்டி. நிலக்கடலை மூட்டைகளும், அவற்றின்மேல் மனிதரும் ஏறியிருக்க, வண்டி வருமுன்னே அதன் ஓசை வந்து சேரும். கண்டு நகைப்போர் உளர். ஆயினும் அவ்வண்டிகள் பலவற்றின் முன்பாதி நம் திருவொற்றியூரில் பிறந்தது என்பதை அறிந்தோர் சிலரே.

இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து என்ஃபீல்டு கம்பெனியாரின் புல்லட் வண்டியை நம் ராணுவம் விரும்பி வாங்கியது. 1955-இல் அவர்களும் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியாரும் கூடி என்ஃபீல்டு இந்தியாவை நிறுவினர். திருவொற்றியூரில் முதலில் பாகங்களை வரவழைத்துப் பூட்டினர். பின்னர் அவற்றையும் இங்கேயே செய்தனர். 1970-இல் இங்கிலாந்தில் தொழில் நின்ற பின்னும் இங்கு நிற்கவில்லை.

அவ்வண்டிகள் பழையனவாகிச் சௌராஷ்டிரத்துப் பட்டறைகளை அடைந்தன. பின்சக்கரம் ஒன்றைக் கழற்றி இரண்டைப் பூட்டுவது எளிதென்று தோன்றும். எளிதன்று! திரும்புகையில் வெளிச்சக்கரம் மிகுதூரம் ஓடவேண்டும்; உட்சக்கரம் குறைதூரம். இரண்டையும் ஓர் அச்சில் இறுக்கினால் டயர் தேயும், வண்டி திரும்ப மறுக்கும். ஆதலின் ஒரு சக்கரத்துக்கு மட்டும் விசை தரவேண்டும். அல்லது பழைய காரின் டிஃபரன்ஷியலைத் தேடிப் பொருத்தவேண்டும். மேலும், புல்லட்டின் 346 சி.சி. எஞ்சின் எதிர்க்காற்றால் குளிர்வது. பாரத்தோடு ஊர்ந்து செல்கையில் காற்றுக்கு எங்கே போவது? பெட்ரோல் செலவோ குடியானவனுக்குக் கட்டுப்படியாகாது.

விடை அருகிலேயே இருந்தது. கிணற்றுநீர் இறைக்கும் டீசல் எஞ்சின்களுக்குப் பேர்பெற்ற ஊர் ராஜ்கோட். அவ்வினத்து எஞ்சின் புல்லட் எஞ்சினின் இடத்தில் ஏறியது. கைப்பிடியும், விளக்கும், முன்சக்கரமும் திருவொற்றியூரின் அடையாளமாக எஞ்சின.

ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு இவ்வண்டியின்பால் தனிமதிப்பு உண்டு. எங்கள் ரசீதில் ஸ்டேஷனின் பெயரே இருக்கும். மூட்டைக்குரியவரின் கிராமம் இராது. இடையிலுள்ள மண்பாதையைக் கடக்க லாரி வாங்க இயலாதவர் இதனை ஆக்கினர். எனினும், மூட்டைமேல் ஆட்களை ஏற்றுவதை நான் ஒப்பேன். மோட்டார் சைக்கிள் வளைவில் சாய்ந்து தப்பும்; மூன்று சக்கரத்துக்கு அவ்வசதி இல்லை. உயரப் பாரத்தோடு விரைந்து திருப்பினால் கவிழும். அடியில் அகப்படுவோர் பெரும்பாலும் கூலியாட்களே.

பிற்காலத்தில் ராஜ்கோட்டின் அதுல் ஆட்டோ கம்பெனியார் சக்டோவை ஆலையிலேயே செய்து விற்றனர்.  ஆனால் ஆலையாரும், முதன்முதல் பொருத்திப் பார்த்த கொல்லர்கள் வகுத்த மோட்டார் சைக்கிள் முகத்தை மாற்றத் துணியவில்லை.