தேசப்படம் பெருத்தலும் சிறுத்தலும்

பல ஆண்டுகளுக்கு முன்னர் புவியியற் பரீட்சை வினாத்தாளொன்று எம் மாணவரின் கைக்கு வந்தது. ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்னும் அளவுத்திட்டத்தில் வரையப்பெற்ற தேசப்படத்தின் ஒரு பகுதி, தாளில் அடங்கும் பொருட்டுப் பாதியளவாகச் சுருக்கி அதில் அச்சிடப்பட்டிருந்தது. படம் சுருங்கியது, அதன் கீழே நின்ற "ஓர் அங்குலம் ஒரு மைல்" என்னும் வாசகமோ சுருங்கவில்லை. கோயிலிலிருந்து குளத்துக்கு எவ்வளவு தூரம் என்பது வினா. அடிமட்டத்தை வைத்து ஒழுங்காக அளந்த பிள்ளைகள் யாவரும் உண்மைத் தூரத்தின் பாதியை விடையாக எழுதினர். வினாவை ஆக்கியவரும் அச்சான படத்தின் மீதே அளந்தார் போலும். அவர்கள் யாவருக்கும் புள்ளி கிடைத்தது. அவ்வழியே நாடோறும் நடந்து பழகிய பையன் ஒருவன் மாத்திரம் உண்மையான தூரத்தை எழுதிப் புள்ளியை இழந்தான்.

நேயர்களே, படத்தைப் பெருக்கும்போதும் சுருக்கும்போதும் நேரும் இவ்விடர்ப்பாடு இன்று நேற்றுத் தோன்றியதன்று. கி.பி. 150 அளவில் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த தொலமி என்னும் பேரறிஞர் இதனை நன்குணர்ந்திருந்தார். ஒரு படத்தைப் பார்த்து மற்றொன்றும், அதனைப் பார்த்து வேறொன்றுமாக வரைந்துகொண்டு போனால், சிறு சிறு வழுக்கள் திரண்டு ஈற்றில் மூலத்துக்கும் படிக்கும் தொடர்பே இல்லாது போய்விடும் என்பது அவர் கருத்து. ஆதலின் அவர் தமது புவியியல் நூலிலே ஏறத்தாழ 8,000 இடங்களின் பெயர்களை நிரைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் அகலக்கோடு, நெடுங்கோடு ஆகியவற்றின் பாகைகளை எண்களாலே குறித்து வைத்தார். எண்ணைப் படியெடுப்போன் கோட்டை நடுங்கவிடுவதற்கு இடமில்லை. மேலும், அவ்வெண்களைக் கொண்டு ஒருவன் உள்ளங்கையளவிலும் படம் வரையலாம், சுவரளவிலும் வரையலாம். 1295ஆம் ஆண்டளவில் கொன்ஸ்தாந்திநோப்பிள் நகரத்துத் துறவியான மக்சிமஸ் பிளானூடெஸ், படங்களில்லாத ஏட்டுப் பிரதியொன்றைத் தேடிப் பெற்று, அவ்வெண்களின் துணையால் படங்களை மீளவும் உருவாக்கினார். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் கடந்தும் அப்பட்டியல் பயன் தந்தது.

ஆயினும் ஒன்று. தப்ரபேன் என்னும் பெயரால் தொலமி குறித்த நம் இலங்கைத் தீவு, அவருடைய கணக்கின்படி பூமத்திய கோட்டையும் கடந்து தெற்கே நீளுகின்றது. உண்மையில் இத்தீவு வட அகலக்கோடு 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையே ஏறக்குறைய அடங்கிவிடுவது. மாலுமிகள் கூறிய செய்தி பிழையாயிருந்தது, எண்ணும் பிழையாயிற்று. அப்படத்தை எத்துணை நுட்பமாகப் பெருக்கினாலும் சுருக்கினாலும் அப்பிழை நீங்குமோ?

தொலமியின் வழி எல்லார்க்கும் வாய்க்கவில்லை. பிற்காலத்தார் மூலப் படத்தின் மேற் சதுரங்களை வரைந்து, பெரிய தாளில் பெரிய சதுரங்களை இட்டு, கட்டங்கட்டமாகப் பார்த்து வரைந்தனர். நம் பாடசாலைகளிலும் பிள்ளைகள் அவ்வாறே செய்து பழகினர். 1603இல் கிறித்தோபர் சைனர் என்னும் யேசு சபைத் துறவியார், நான்கு சட்டங்களை இணைகரமாகப் பொருத்திய 'பந்தோகிராப்' என்னும் கருவியை அமைத்தார். ஒரு முனை மூலக்கோட்டின் வழியே செல்ல, மறுமுனையிலுள்ள எழுதுகோல் அதனை வேண்டிய விகிதத்தில் வரைந்து செல்லும். அழகிய கருவிதான், எனினும் கைநடுக்கத்தையும் அது கூடவே பெருக்கிற்று.

எண்ணாற் படத்தைக் காத்த தொலமியின் வழி மீண்டும் உயிர் பெற்றது கணினியின் காலத்திலேயாம். 1963இல் அமெரிக்காவின் மசாச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து 'ஸ்கெச்பாட்' என்னும் நிரலை உருவாக்கி, திரையிலே கோடுகளை வரையவும் பெருக்கவும் சுருக்கவும் வழி கண்டார். ஏறக்குறைய அக்காலத்திலேயே பிரான்சில், சித்திரோயென் கார்த் தொழிற்சாலையில் கஸ்தெல்ஜோவும் ரெனோ தொழிற்சாலையில் பெசியேயும், கார் உடலின் வளைவுகளைச் சில புள்ளிகளாற் குறிக்கும் கணிதமுறையைத் தனித்தனியே கண்டனர். கார் செய்வோரின் கணிதம் கடற்கரையை வரைய உதவிற்று என்பது வியப்பன்றோ! 1987இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட 'இலஸ்ரேற்றர்' என்னும் மென்பொருள் அவ்வளைவுகளை ஓவியர் கையிற் கொண்டுவந்து கொடுத்தது. நிழற்படத்தைப் பெருப்பித்தால் அதன் நுண்சதுரங்கள் பருத்துப் படிக்கட்டுகளாய்த் தோன்றும். புள்ளியாலும் வளைவாலும் எழுதிய படமோ, எத்தனை மடங்கு பெருப்பித்தாலும் ஒவ்வொரு முறையும் எண்களிலிருந்து புதிதாக வரையப்படுவதாற் கூர்மை குன்றுவதில்லை.

இக்கூர்மையே நம்மை மயக்கவுங்கூடும். 1:50,000 அளவுத்திட்டத்தில் அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள வீதிக்கோடு நிலத்தில் 25 மீற்றரை மறைக்கின்றது. அதனை ஐந்து மடங்கு பெருப்பித்து 1:10,000 ஆக்குகையில், கோட்டின் தடிப்பும் கூடவே பெருக வேண்டுமா வேண்டாமா என்று மென்பொருள் நம்மைத் தெரிந்தெடுக்க விடும். வேண்டாவென்று விட்டால் வீதி நிலத்தில் 5 மீற்றர் அகலமே உடையதாகி, புதிதாக அளந்தது போன்ற தோற்றந் தரும். அளந்தவன் ஒருவனுமில்லை, மெல்லிய கோடு மாத்திரம் உண்டு. வேலி வழக்குக்கு அப்படத்தை எடுத்துச் செல்பவன் பாடு பெரும்பாடுதான்.

வெட்டுதலிலும் ஒரு நுட்பம் உண்டு. நம் நில அளவைத் திணைக்களத்தின் ஓரங்குலப் படம் நாடு முழுவதற்கும் 72 தாள்களாயிருந்தது. இரு தாள்கள் சந்திக்கும் விளிம்பில் ஊர் அமைந்தவர்கள் இரண்டையும் வாங்கிக் கத்தரித்து ஒட்ட வேண்டும். கத்தரித்தது போனது போனதே. கணினியிலோ, வேண்டிய பகுதியின் மேல் ஒரு சட்டத்தை இட்டால் சட்டத்துக்கு வெளியேயுள்ளது மறையுமேயன்றி அழியாது. மறைந்த ஊர்களும் ஆறுகளும் கோப்பினுள்ளே கிடந்து அதனைப் பாரமாக்கும். சட்டத்தை அகற்றினால் மீண்டும் தோன்றும். பிறர் காணலாகாதவற்றை வெட்டிவிட்டோமென்று எண்ணிக் கோப்பினைக் கையளிப்போர் இதனை அறிந்திருத்தல் நன்று. அன்றியும், வெட்டும்போது முதலிற் போவன ஓரத்திலுள்ளனவே: வடதிசைக் குறி, குறியீட்டு விளக்கம், அகலக்கோட்டு எண்கள், அளவுத்திட்டம்.

இப்பொழுது எம் ஆசிரியர் கணினியிற் படம் ஆக்கிக் கொண்டுவரும்போது, "1:50,000" என்னும் பின்னத்தையோ "ஓர் அங்குலம் ஒரு மைல்" என்னும் வாசகத்தையோ நான் தனியே ஏற்பதில்லை. மைல்களோ கிலோமீற்றர்களோ குறித்த அளவுக்கோடு ஒன்றைப் படத்தோடு சேர்த்துக் கட்டிவிடும்படி கேட்பேன். படம் பெருத்தால் அக்கோடும் பெருக்கும். சிறுத்தால் அதுவும் சிறுக்கும். அன்று வினாத்தாளின் கீழே அவ்வாறு ஒரு கோடு இருந்திருப்பின், அளந்த பிள்ளைகளும் நடந்த பிள்ளையும் ஒரே விடையை எழுதியிருப்பர்.