எச்சிலும் மதிலும்

கிறித்தவத் திருச்சங்கங்களின் வரலாற்றைப் படிக்கப் புகுவோர் முதலில் எதிர்கொள்வது கி.பி. 325இல் நிசேயா நகரில் கூடிய சங்கத்தை. மகன் தந்தையோடு ஒரே உள்பொருளை உடையவரா, அல்லரா என்பதே அங்கு எழுந்த வினா. ஒரு கிரேக்கச் சொல்லை ஏற்றவர், மறுத்தவர் என ஆயர்கள் இரு அணியாகப் பிரிந்தனர். சிலர் நாடு கடத்தப்பட்டனர். 451இல் கால்செதோன் நகரில் கூடிய சங்கம் கிறித்துவின் இரு இயல்புகள் பற்றி முடிவு கூறியது. அந்த முடிவை ஏற்காத கீழைத் திருச்சபைகள் சில இன்றளவும் தனித்தே நிற்கின்றன. தமிழ் வாசகருக்கு இவையெல்லாம் எங்கோ நடந்த சண்டைகள்.

நம் வாசலில் நடந்த சண்டை ஒன்றும் உண்டு. கடலூருக்கு வடக்கே 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரியில் 1704இல் வெளியிடப்பட்ட ஆணை ஒன்று, பாப்பரசர்கள் பலரின் கைகளுக்குச் சென்று, நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரே இறுதி வடிவம் பெற்றது. திருமுழுக்கு அளிக்கும் குரு தம் உமிழ்நீரைத் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் தடவ வேண்டுமா, வேண்டாமா என்பது அந்த ஆணையின் முதல் வினாக்களுள் ஒன்று. திருச்சபை வரலாற்றில் இதற்கு 'மலபார்ச் சடங்குகள் விவகாரம்' என்று பெயர். பெயரைக் கண்டு கேரளத்துச் செய்தி என மயங்க வேண்டியதில்லை. அக்கால ஐரோப்பியர் தமிழரையும் தமிழ் மொழியையும் 'மலபார்' என்றே குறித்தனர்.

இங்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொள்கைப் பூசல் இம்மண்ணுக்குப் புதிதன்று. பண்ணுருட்டியை அடுத்த திருத்துறையூரில் வாழ்ந்த அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பதினான்கு மதங்களின் கொள்கைகளை எடுத்துவைத்து மறுக்கிறார். சிதம்பரத்து உமாபதி சிவாசாரியார் 1313இல் இயற்றிய சங்கற்ப நிராகரணமும் மறுப்பு நூலே. பிற்காலத்தில் வீரமாமுனிவர் தரங்கம்பாடி லுத்தரன் சபையாரை மறுத்து எழுதிய 'பேதகமறுத்தல்' என்னும் உரைநடை நூலையும் இந்த மரபின் வரிசையில் வைத்துப் பார்க்கலாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சைவ மரபில் வாதம் நூலாயிற்று. அதை ஏற்பதும் ஏற்காததும் கற்பவர் பாடு. ரோமைத் திருச்சபையிலோ வாதம் ஆணையாயிற்று. ஆணையை மீறினால் தண்டனை உண்டு. நாம் காணப்போகும் கதையின் கடுமை முழுவதும் இந்த வேறுபாட்டிலிருந்து பிறப்பது.

கதை மதுரையில் தொடங்குகிறது. 1606இல் அங்கு வந்த சேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி, காவியுடுத்தி, புலால் நீத்து, தம்மை ரோமாபுரிச் சந்நியாசி எனக் கூறிக்கொண்டு, உயர்சாதியாரிடையே சமயம் பரப்பினார். மதம் மாறியோர் குடுமி, பூணூல், சந்தனம், நீராடல் ஆகியவற்றைத் தொடர அவர் இசைந்தார். அதற்கு அவர் சொன்ன நியாயம் எளிமையானது. இவை குலத்தைக் காட்டும் அடையாளங்களே அன்றிச் சமயத்தைக் காட்டுவன அல்ல. ஆகவே கிறித்தவர் இவற்றை அணிவதில் குற்றமில்லை. உடன் ஊழியர் கொன்சாலோ பெர்னாந்தஸ் முதலாகப் பலர் இதை எதிர்த்தனர். 1619இல் கோவாவில் பேராயர் தலைமையில் கூடிய அவையில் பெரும்பான்மையோர் நொபிலிக்கு எதிராகவே கருத்துரைத்தனர். ஆனால் 1623 சனவரி 31 அன்று பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார், மேற்கொண்டு ஆராயப்படும் வரை இவ்வழக்கங்களுக்கு இசைவளித்தார். அதே மடலில், குலப் பெருமை பேசுவோர் எளிய குலத்தாரை, குறிப்பாகக் கோயிலில், இகழ்தல் கூடாது என்றும் அவர் கேட்டுக்கொண்டார். இசைவைப் பற்றிப் பேசிய அளவுக்கு இந்த வேண்டுகோளைப் பற்றி எவரும் பேசவில்லை.

குலம் வேறு, சமயம் வேறு என்ற பாகுபாட்டிலிருந்தே மதுரை மிஷனின் அமைப்பு உருவாயிற்று. பிராமண சந்நியாசிகளாக வாழ்ந்த குருமார் ஒருபுறம். பிற சாதியாரிடையே பணியாற்றிய பண்டாரசாமிகள் மறுபுறம். நோயுற்ற பறையர் ஒருவருக்கு அருட்சாதனம் அளிக்க வேண்டுமெனில் குரு அவர் குடிசைக்குள் செல்வதில்லை. நோயாளியை வெளியே தூக்கி வர வேண்டும். குரு அங்கே நுழைந்தார் எனத் தெரிந்தால் மற்றச் சாதியார் அவர் கையால் எதையும் பெறமாட்டார்கள் என்பது சேசு சபையார் கூறிய காரணம்.

இந்நிலையில் 1703 நவம்பர் 6 அன்று பாப்பரசரின் தூதராகத் தூர்னோன் புதுச்சேரியில் வந்திறங்கினார். அவர் சீனத்துக்குச் செல்லும் வழியில் வந்தவர். அங்கும் முன்னோர் வழிபாடு பற்றி இத்தகைய பூசல் நடந்துகொண்டிருந்தது. உடல்நலக் குறைவால் அவரால் உள்நாட்டுக்குப் போக முடியவில்லை. புதுவையிலிருந்தபடியே பூஷே, பெர்த்தோல்தி என்னும் இரு சேசு சபையாரை விசாரித்தார். 1704 சூன் 23 நாளிட்டு அவர் ஒப்பமிட்ட ஆணை சூலை 8 அன்று அறிவிக்கப்பட்டது. மூன்றாம் நாள் அவர் கப்பலேறிவிட்டார். எட்டு மாதம் தங்கியவர், மறுமொழிக்கு மூன்று நாள் அவகாசமே தந்தார்.

அந்த ஆணையின் பதினாறு விதிகளையும் இன்று படிக்கும்போது நாம் எந்தப் பக்கம் நிற்பது என்று திகைக்க நேர்கிறது. திருமுழுக்கில் உமிழ்நீரையும் உப்பையும் விலக்கக் கூடாது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. 108 இழையில் மஞ்சள் தோய்த்த தாலிக்கயிறு கூடாது. திருமணத்தில் தேங்காய் உடைக்கும் சடங்கு கூடாது. பெண் பூப்பெய்துவதைக் கொண்டாடக் கூடாது. கிறித்தவ மேளக்காரர் பிற தெய்வக் கோயில்களில் வாசிக்கக் கூடாது. பிற சமய நூல்களைக் குருவின் அனுமதியின்றிப் படிக்கக் கூடாது. ஒரு மக்கள் திரளின் வாழ்க்கையை அறியாமல், கடற்கரையில் அமர்ந்து எழுதிய கட்டளைகள் என இவற்றைத் தள்ளிவிடலாம். மேளக்காரரின் பிழைப்பை ஒரு வரியில் பறிக்கும் விதிக்கு வேறு என்ன பெயர் சொல்வது?

ஆனால் அதே பட்டியலில்தான் வேறு சில விதிகளும் உள்ளன. மாதவிலக்கான பெண்களைக் கோயிலிலிருந்தும் பாவசங்கீர்த்தனத்திலிருந்தும் விலக்கி வைத்தல் கூடாது. அறியாப் பருவத்துக் குழந்தைகளுக்கு மணம் முடித்தல் கூடாது. நோயுற்ற பறையரைக் குருவானவர் அவர்தம் இல்லத்துக்கே சென்று காண வேண்டும்.

தமிழ் வாழ்வை மதித்தவர்கள் என நாம் போற்றும் தரப்பு இந்தக் கடைசி விதியை எதிர்த்தது. தமிழ் வாழ்வை அறியாதவர் என நாம் குறைகூறும் மனிதர் அதை விதித்தார். இவ்விவகாரத்தில் நம்மை நிம்மதியாக இருக்கவிடாத இடம் இதுதான்.

உமிழ்நீர் விதியையும் இந்த வெளிச்சத்தில் நோக்க வேண்டும். செவிடும் திக்குவாயுமான ஒருவரை இயேசு தம் உமிழ்நீரால் குணமாக்கினார் என்ற மாற்கு நற்செய்திச் செய்தியே அச்சடங்கின் வேர். தமிழருக்கோ எச்சில் தீட்டு. குழந்தையின் முகத்தில் பிறர் எச்சிலைத் தடவுவதை எந்தத் தாயும் விரும்பமாட்டாள் என்பது மெய். ஆயினும் எச்சில் எப்போதும் தீட்டாகவே கருதப்பட்டதா? சிதம்பரத்தில் வழங்கும் உமாபதி சிவாசாரியார் வரலாற்றை நினைவுகூர்க. அவர் குருவாகிய மறைஞான சம்பந்தர் நெசவாளரிடம் பாவுக்கஞ்சியை வாங்கிக் கையேந்திப் பருகுகிறார். அவர் கைவழியே ஒழுகியதை உமாபதி பிரசாதமென ஏந்திக் குடிக்கிறார். அதன் பொருட்டுத் தில்லைவாழ் அந்தணர் அவரை விலக்கிவைக்க, அவர் ஊருக்கு வெளியே கொற்றவன்குடியில் தங்குகிறார். எச்சில் எங்கே அருளாகிறது, எங்கே தீட்டாகிறது என்பதை எச்சில் தீர்மானிப்பதில்லை. யாருடையது என்பதே தீர்மானிக்கிறது. அந்த வகையில் புதுவையின் பூசலைத் தில்லை முன்பே அறிந்திருந்தது.

ஆணைக்கு எதிராக வாதிட லைனஸ், பூஷே என்னும் சேசு சபையார் ரோமாபுரி சென்றனர். மறுபுறம் புதுவையின் கப்புச்சின் சபையார் ஆணையை நிறைவேற்றக் கோரினர். இடையே பிரெஞ்சு, போர்த்துகீசியச் செல்வாக்குப் போட்டிகளும் புகுந்தன. பாப்பரசர் பன்னிரண்டாம் கிளமெந்து 1734இல் சில விதிகளைத் தளர்த்தினார். 1739இல் இவ்விதிகளைக் கடைப்பிடிப்பதாக மிஷனரிமார் ஆணையிட்டுச் சத்தியம் செய்ய வேண்டும் என விதிக்கப்பட்டது. 1744 செப்டம்பர் 12 அன்று பதினான்காம் பெனதிக்து இறுதித் தீர்ப்பை வெளியிட்டார். பறையர் இல்லம் செல்லும் விதிக்குச் சேசு சபையார் ஒரு வழி கண்டனர்: அவர்களுக்கெனத் தனிக் குருமாரை நியமிப்பது. அந்த ஏற்பாட்டைப் பாப்பரசரும் ஏற்றார். விதி நிறைவேறியது, விதியின் உயிர் போயிற்று.

மறு ஆண்டே, 1745 அக்டோபரில், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் ஒரு செய்தி இடம்பெறுகிறது. புதுவைக் கோயிலுக்குள் பறையர் தனியே அமர்வதற்கென ஒரு சுவர் இருந்தது. காரைக்காலிலிருந்து வந்த குருவிடம் அவர்கள் முறையிட, சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தனர். பிள்ளையவர்கள் வைணவர், இது அவருக்கு அயல் வீட்டுச் சண்டை. ஆகவே அவர் பதிவு நமக்கு அருமையானது. நாற்பது ஆண்டுகளாக ரோமாபுரி வரை எழுதப்பட்ட மறுப்புகளிலும் விண்ணப்பங்களிலும் யாரைப் பற்றிப் பேசப்பட்டதோ, அவர்கள் தாமே பேசிய குரல் அந்த நாட்குறிப்பில்தான் கேட்கிறது. அவர்கள் தாலி பற்றியோ உமிழ்நீர் பற்றியோ பேசவில்லை. சுவரைப் பற்றி மட்டுமே பேசினர்.

இது கத்தோலிக்கருக்கு மட்டும் உரிய கதை அன்று. 1833இல் கல்கத்தா ஆயர் தானியேல் வில்சன், திருச்சபையில் சாதி வேறுபாடு அறவே கைவிடப்பட வேண்டும் என்று ஆணையிட்டபோது தஞ்சைச் சபை பிளவுண்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, புதிய மிஷனரிமார் எல்லாரையும் கலந்து உட்காரவைப்பதை எதிர்த்து வேதநாயக சாஸ்திரியார் எழுதினார். பெத்லகேம் குறவஞ்சி பாடிய கவிஞர் அவர். அவருடைய தமிழை நேசிக்கும் நாம் அந்த எழுத்தையும் அவருடையதாகவே ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பின்னர் நடந்தவை வரலாற்றின் நகைமுரண்கள். மிஷனரிமாரின் சத்தியப்பிரமாணத்தை 1940 ஏப்ரலில் ரோமாபுரியே நீக்கியது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கும் உள்ளூர்ப் பண்பாட்டுக்கும் கதவு திறந்தது. 1969இல் வெளியான புதிய குழந்தைத் திருமுழுக்குச் சடங்கில் உமிழ்நீரும் உப்பும் இல்லை. தமிழகக் கோயில்களில் இன்று சிலுவை பொறித்த தாலி கட்டப்படுகிறது. பூப்பு நீராட்டும் தொடர்கிறது. தூர்னோனின் விதிகளில் பண்பாட்டைப் பற்றியவை ஏறத்தாழ அனைத்தும் தோற்றுவிட்டன. நொபிலி வென்றார் என்று எழுதிவிடலாம்.

மதிலின் கணக்கு வேறு. திருநெல்வேலிப் பகுதி வடக்கன்குளத்தில் வேளாளரையும் நாடாரையும் பிரித்த கோயிற்சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், தலித் கிறித்தவர் தமக்கெனத் தனிப்பங்கு கேட்டதை ஒட்டி 2008 மார்ச்சில் மோதல் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். சுவரை இடிக்கச் சொன்னவர்களின் வழிவந்தோர், அதே கோயிலில் சமமாக நிற்க இயலாமல், தனிக்கோயில் கேட்கும் நிலைக்கு வந்திருந்தனர்.

இன்று நம் கருத்தரங்குகளில் 'பண்பாட்டுமயமாதல்' என்னும் சொல் மிகுதியாகப் புழங்குகிறது. நொபிலியும் வீரமாமுனிவரும் அதன் முன்னோடிகளாகப் பாராட்டப்படுகின்றனர். அப்பாராட்டில் தவறில்லை. தேம்பாவணியை நடத்தும் ஆசிரியர் எவரும் அதை மறுக்கமாட்டார். ஆனால் 'பண்பாடு' என்று ஒரே சொல்லால் சுட்டும்போது அதனுள் தேங்காயும் தாலியும் இருக்கின்றன. குடிசைக்குள் நுழையாத குருவும் இருக்கிறார். எதை அடையாளம் என்று காப்பது, எதை அநீதி என்று விடுவது என்ற வினாவை கோவா அவையும் ரோமாபுரியும் தம் தம் வசதிக்கேற்பவே பிரித்துக்கொண்டன. 'இது சமயமன்று, வழக்கம்' என்று சொல்லித்தான் பூணூல் காக்கப்பட்டது. அதையே சொல்லித்தான் சுவரும் காக்கப்பட்டது.

சேக்கிழார் காட்டும் திருநாளைப்போவார் தில்லைக்கு வந்தும் உள்ளே புக அஞ்சி மதிலைச் சுற்றிச் சுற்றி வருகிறார். அவர் உள்ளே போகத் தீயில் மூழ்க வேண்டியிருந்தது. புதுவைக் கோயிலில் முறையிட்டவர்கள் தீயில் இறங்கவில்லை. சுவரை இடிக்கச் சொன்னார்கள். திருச்சங்கங்களின் வரலாற்றை எழுதுவோர் நிசேயா, கால்செதோன் என்று வரிசைப்படுத்தும்போது, 1745 அக்டோபரின் அந்த முறையீட்டுக்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும்.