தஞ்சைப் பெரிய கோயிலும் ஒளிப்படமும்: 1858 முதல் திறன்பேசி வரை

தஞ்சைப் பெரிய கோயில் இன்று நாள்தோறும் ஆயிரக்கணக்கான திறன்பேசிகளில் படமாகிறது. எடுத்த படத்தின் வானத்தை நீலமாக்குவதும், நிழலை வெளிச்சமாக்குவதும், பல படங்களை ஒன்றாக இணைப்பதும் நொடிகளில் முடிந்துவிடுகின்றன. இவை புதிய பழக்கங்கள் என்று பலரும் கருதுகின்றனர். ஆனால் இதே கோயிலை 1858இல் படமெடுத்த ஒருவர் இந்த வேலைகள் பலவற்றைக் கையாலேயே செய்திருக்கிறார். படத்தை அழகாக்கும் விருப்பமும் படத்தைச் சான்றாக வைத்துக்கொள்ளும் தேவையும் அன்று முதல் சேர்ந்தே வந்துள்ளன. காவிரிப் படுகையில் அவ்விரண்டும் கடந்துவந்த வழியை இக்கட்டுரை விவரிக்கிறது.

லின்னேயஸ் டிரைப்

லின்னேயஸ் டிரைப் 1822இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட் நகரில் பிறந்தவர். 1839இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். விடுப்பில் தாய்நாட்டுக்குச் சென்றிருந்தபோது ஒளிப்படக் கலையைக் கற்றார். 1854இல் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படமெடுத்தார். 1855இல் பர்மாவின் ஆவா அரசவைக்குச் சென்ற ஆங்கிலேயத் தூதுக்குழுவுடன் ஒளிப்படக்காரராகச் சென்றார். அப்படங்கள் பெற்ற பாராட்டால் 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டார்.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்ட டிரைப் ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் முதலிய ஊர்களைச் சில மாதங்களில் சுற்றிவந்தார். தஞ்சாவூர், திருவையாறு படங்கள் 1858இல் தனித் தொகுப்பாக வெளிவந்தன. தஞ்சையின் மராத்திய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசு இன்றி இறந்திருந்தார். கம்பெனி அந்த அரசை முடித்துவைத்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கைக்கு வந்த நிலத்தின் கோயில்களையும் மாளிகைகளையும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற அரசின் நோக்கம் இப்பயணத்தின் பின்னணியில் இருந்தது.

மெழுகுக் காகிதம்

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் பரவியிருந்த முறையில் கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசைக் கரைசலைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே படமெடுத்துக் கழுவ வேண்டும். நம் வெயிலில் பூச்சு விரைவாக உலர்ந்துவிடும். கண்ணாடி கனமானது, மாட்டுவண்டிப் பயணத்தில் உடையவும் கூடும். எனவே டிரைப் தம் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு மெழுகுக் காகித முறையைக் கையாண்டார். பிரெஞ்சு ஒளிப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே 1851இல் வெளியிட்ட முறை அது. மெல்லிய காகிதத்தில் மெழுகேற்றி, வெள்ளி உப்புகளால் ஒளியை உணரும்படி செய்வார்கள். அந்தக் காகிதத்தை முன்கூட்டியே ஆயத்தம் செய்து எடுத்துச் செல்லலாம். படம் எடுத்த உடனே கழுவ வேண்டியதும் இல்லை.

இம்முறைக்கு இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, ஒரு படத்துக்குப் பல நிமிடம் வெளிச்சம் தேவைப்பட்டது. அசையாத கல் தெளிவாகப் பதிந்தது. நடமாடும் மனிதர்கள் பதியவில்லை. அக்காலப் படங்களில் கோயில் வெளிகள் ஆளில்லாமல் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆள் இல்லாத படத்தைக் கண்டு ஆள் நடமாட்டமே இல்லை என்று முடிவு செய்வது பிழை. இரண்டாவது, அக்கால வேதிப்பூச்சு நீல ஒளியை மட்டுமே நன்கு உணர்ந்தது. அதனால் வானம் வெறும் வெள்ளையாகவும், மரங்களின் பச்சை கருந்திட்டாகவும் வந்தன.

வானத்தைத் தீட்டியவர்

இரண்டாவது குறைக்கு டிரைப் கண்ட வழி தூரிகை. மெழுகுக் காகித நெகட்டிவ்களில் வானப் பகுதியில் வண்ணப்பொருளைத் தடவி மேகங்களை உண்டாக்கினார். கருந்திட்டாக வந்த மரங்களில் இலைக்கொத்துகளைத் தீட்டினார். நெகட்டிவில் தீட்டிய இடம் ஒளியைத் தடுக்கும். அச்சிட்ட படத்தில் அவ்விடம் வெளிறித் தெரியும். இந்தக் கணக்கை அறிந்து, எதிர்மறையாகவே சிந்தித்துத் தீட்ட வேண்டும். அவருடைய நெகட்டிவ்கள் பல இன்றும் காக்கப்பட்டுள்ளன. தீட்டிய அடையாளங்களை அவற்றில் காணலாம்.

ஐரோப்பாவிலும் இதே சிக்கலுக்கு வழி தேடினர். லெ கிரே 1850களின் நடுப்பகுதியில் எடுத்த கடற்காட்சிகளில் சிலவற்றுக்குக் கடலை ஒரு நெகட்டிவிலும் வானத்தை வேறொரு நெகட்டிவிலும் எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். ஒரே காட்சியின் வெளிச்சப் பகுதியையும் இருட்டுப் பகுதியையும் தனித்தனி அளவில் பதிந்து சேர்ப்பதே இதன் அடிப்படை. இன்றைய திறன்பேசி ‘எச்டிஆர்’ என்ற பெயரில் இதைத்தான் செய்கிறது. பொத்தானை ஒரு முறை தொடும்போது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து அவற்றை ஒன்றாக்குகிறது.

21 படங்கள், ஒரு சுருள்

டிரைப்பின் தஞ்சைப் படங்களில் தனிச்சிறப்பு உடையது, விமானத்தின் அடிப்பகுதியில் உள்ள கல்வெட்டுகளைக் காட்டும் தொடர்படம். 21 படங்களை வரிசையாக ஒட்டி உருவாக்கிய இதன் நீளம் சுமார் 19 அடி. முதலாம் இராசராசன் 1010இல் குடமுழுக்குச் செய்த இக்கோயிலின் கல்வெட்டுகள் கொடைகளையும் செப்புத் திருமேனிகளையும் நகைகளையும் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் விவரங்களையும் பதிந்துவைத்திருக்கின்றன. சுவரில் நீளவாட்டில் ஓடும் இந்த எழுத்துகள் எந்த ஒரு படத்துக்குள்ளும் அடங்கா. எனவே டிரைப் காமிராவை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பகுதி பகுதியாக எடுத்தார்.

இக்கல்வெட்டுகளின் பாடங்கள் முறையாகப் படிக்கப்பட்டு, ஹூல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் 1891 முதல் அச்சாகின. அதற்கு 30 ஆண்டுகளுக்கு மேல் முன்பே அச்சுவரின் தோற்றத்தை டிரைப் பதிவு செய்துவிட்டார்.

அரசின் ஆதரவு நெடுநாள் நீடிக்கவில்லை. 1857 எழுச்சிக்குப் பின் செலவைக் குறைக்கும் நெருக்கடி இருந்தது. 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் இதை வீண் ஆடம்பரமாகக் கருதி நிறுத்தினார். 1860இல் பதவியே நீக்கப்பட்டது. பின்னர் 1860களின் இறுதியில் எட்மண்ட் லயன், சாமுவேல் போர்ன் ஆகியோர் தஞ்சையைப் படமெடுத்தனர்.

படநிலையங்களும் டச்சிங்கும்

இருபதாம் நூற்றாண்டில் ஒளிப்படம் அரசின் கையிலிருந்து ஊர்க் கடைத்தெருவுக்கு வந்தது. திருமணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம், இறந்தவரின் நினைவு எனக் குடும்பங்கள் படநிலையங்களை நாடின. அங்கு ‘டச்சிங்’ என்பது ஒரு தனித் தொழில். நெகட்டிவைச் சாய்பலகையில் வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் வரச்செய்து, கூரிய பென்சிலால் முகத்தின் தழும்பையும் சுருக்கத்தையும் நிரப்புவார்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் ஏற்றுவதும் வழக்கம். திறன்பேசியின் ‘பியூட்டி’ வசதி இதன் தொடர்ச்சிதான். தமிழ்நாட்டுப் படநிலையங்களின் பழைய படங்களையும் நெகட்டிவ்களையும் எண்ணிமமாக்கும் பணி, பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியுடன் நடந்துள்ளது.

சுற்றறையின் ஓவியங்கள்

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி, பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றறையில் நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதைக் கண்டறிந்தார். அந்த அறை மிகக் குறுகியது. சுவர் முழுவதையும் ஒரே படத்தில் அடக்கும் அளவுக்குப் பின்னே நகர இடமில்லை. பொதுமக்களுக்கு அனுமதியும் இல்லை. இந்திய தொல்லியல் துறை அந்தச் சுவர்களைச் சிறு சிறு பகுதிகளாகப் படமெடுத்துக் கணினியில் இணைத்தது. கோயிலின் வெளிச்சுவரில் டிரைப் கையாண்ட வழியே உட்சுவருக்கும் உதவியது. கண்ணால் காண முடியாத ஒன்றை மக்கள் காண்பதற்குப் படத்தொகுப்பு இங்கு வழி செய்தது.

சான்றாக நின்ற படம்

புதுச்சேரியில் 1955இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தென்னாட்டுக் கோயில்களையும் சிலைகளையும் பல பத்தாண்டுகளாகப் படமெடுத்து ஆவணப்படுத்தியது. அதன் சேகரிப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. இவற்றில் பல, கலைப்படம் என்று சொல்லும்படி இல்லாத எளிய பதிவுகள்: சிலை நேராக, முழுமையாக, தெளிவாகத் தெரியும்.

கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராசர் திருமேனி களவுபோனது. 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து ஒரு நடராசரை வாங்கியது. அது ஸ்ரீபுரந்தான் நடராசரே என்று நிறுவுவதற்கு, 1990களில் கோயிலிலேயே எடுக்கப்பட்ட புதுச்சேரி நிறுவனத்தின் படம் முக்கியச் சான்றாயிற்று. 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஒரு செப்புத் திருமேனியை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுபவை அதன் தேய்மானம், வார்ப்புக் குறை, உடைந்த சுடர் போன்ற சிறு அடையாளங்களே. படத்தை அழகாக்கும்போது முதலில் துடைக்கப்படுபவையும் இவைதான். டச்சிங் செய்த படம் வீட்டுச் சுவருக்கு ஏற்றது. ஆனால் களவுபோன பொருளை மீட்பதற்கு டச்சிங் செய்யாத படம் வேண்டும்.

திறன்பேசியில் எடுப்போர் கவனத்துக்கு

மேற்கண்ட வரலாற்றிலிருந்து சில நடைமுறைகளைப் பெறலாம்.

கோபுரம், விமானம்: 200 அடிக்கு மேல் உயர்ந்த விமானத்தை அருகில் நின்று அண்ணாந்து எடுத்தால் அது பின்னால் சாய்வதுபோல் தோன்றும். திருச்சுற்றில் முடிந்தவரை தள்ளி நின்று, திறன்பேசியைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்து, கீழே மிகுதியாக வரும் தரையைப் பின்னர் வெட்டிக்கொள்ளலாம். கோயில் கிழக்கு நோக்கியது. முகப்புக்குக் காலை வெயில் ஏற்றது. திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தால் மேகம் தானே தெரியும். டிரைப்பைப் போல் தீட்ட வேண்டியதில்லை.

கல்வெட்டு: நேர் வெளிச்சத்தில் எழுத்துகள் மங்கும். காலையிலோ மாலையிலோ வெயில் சுவரை உரசிக்கொண்டு சாய்வாக விழும் நேரத்தில் எழுத்தின் பள்ளம் நிழலாகித் துலங்கும். நீண்ட வரிகளுக்குத் திறன்பேசியின் ‘பனோரமா’ வசதி பொருந்தாது. ஒரே இடத்தில் நின்று சுழற்றுவதால் நேர்ச்சுவர் வளைந்து வரும். சுவருக்கு இணையாக நடந்து, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பங்கையாவது காட்டும்படி எடுத்துப் பின்னர் இணைப்பது நல்லது. கல்வெட்டில் கை வைப்பதும், சுண்ணமோ மாவோ தடவுவதும் கூடாது.

வயல்: வெள்ளத்தில் மூழ்கிய பயிரின் படம் இன்று ஓர் ஆவணம். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் தனிப்பட்ட வயல்களுக்கான சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். செயலி வழியே படமும் இணைக்கலாம். இத்தகைய படத்தில் வரப்பு, மோட்டார் கொட்டகை, மரம் போன்ற அடையாளம் ஏதேனும் தெரியும்படி தொலைவிலிருந்து ஒன்றும், பயிரின் நிலை தெரியும்படி அருகிலிருந்து ஒன்றும் எடுக்க வேண்டும். திறன்பேசியின் இடங்காட்டும் வசதி இயங்க வேண்டும். ‘ஃபில்டர்’ எதுவும் கூடாது. பச்சையைக் கூட்டிக் காட்டும் ஃபில்டர், அழுகிய பயிரையும் நல்ல பயிராகக் காட்டிவிடும்.

திருத்தம்: சாய்வைச் சரிசெய்தல், வெட்டுதல், வெளிச்சம், நிழல், நிறச் சமன்பாடு என்ற வரிசை பெரும்பாலான படங்களுக்குப் போதும். கூர்மையாக்கும் செயலிகளைக் கல்வெட்டுப் படங்களில் தவிர்க்க வேண்டும். கல்லின் கீறலை அவை எழுத்துக்கோடாக மாற்றக்கூடும். உண்மையான கோட்டை அழிக்கவும் கூடும். திருத்திய படத்தை எப்போதும் நகலாகவே சேமிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி, எடுத்த நாளும் இடமும் பற்றிய உட்குறிப்புகள் நீங்கிவிடும். அதையே ஆவணமாக அனுப்பினால் கோப்பு அப்படியே செல்லும்.

மூலமும் நகலும்

டிரைப் தீட்டிய மேகங்கள் 1858இல் தஞ்சை வானில் இருந்த மேகங்கள் அல்ல. ஆயினும் அவருடைய நெகட்டிவ்கள் எஞ்சியிருப்பதால் எது காமிரா கண்டது, எது கை சேர்த்தது என்று இன்றும் பிரித்தறிய முடிகிறது. திறன்பேசியில் மூலப்படத்தின்மீதே திருத்தத்தைச் சேமித்துவிட்டால் அந்த வாய்ப்பு நிரந்தரமாகப் போய்விடும். ஊர்க்கோயிலின் சிலையையும், சிதையும் கல்வெட்டையும், மூழ்கிய வயலையும் இன்று பதிவு செய்பவர்கள் பெரும்பாலும் திறன்பேசி வைத்திருக்கும் பொதுமக்களே. பகிர்வதற்குத் திருத்திய நகலும், எடுத்த நாளும் ஊரும் குறித்த மூலப்படமும் என இரண்டையும் வைத்திருந்தால், அந்தப் பதிவு பின்னாளில் ஆய்வாளருக்கும் நீதிமன்றத்துக்கும் உதவும்.