கேணிக்குள்ள ஒரு குருட்டு மீன்

மீன் தொட்டி வச்சிருக்கிற நண்பர்களே, இந்த த்ரெட் உங்களுக்கு.

நம்ம திருவல்லிக்கேணியோட பேர்லயே கேணி இருக்கு. நான் சொல்லப் போறது கேரளத்துக் கேணிகள்ல இருக்கிற மீனைப் பத்தி.

1950-ல ஏ.ஜி.கே. மேனன் கோட்டயம் கிணத்துல கிடைச்ச ஒரு கெளுத்தியை உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார். பேரு ஹோராகிளானிஸ் கிருஷ்ணாய். கண் கிடையாது. தோல்ல நிறமியும் இல்ல; உள்ள ஓடுற ரத்தம் தெரிஞ்சு உடம்பே சிவப்பா இருக்கும். சுண்டுவிரல் நீளம்கூட வராது.

வாழறது செம்புரைக்கல்லுக்கு அடியில, நிலத்தடி நீர்ல. அங்க யார் வலை வீசுறது? கிணறு தூர்வாரும்போதோ, மோட்டார் போடும்போதோ தானா மேல வந்தாதான் உண்டு. அதனால கொச்சியில இருக்கிற மீன்வளப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஊர் மக்கள் உதவியையே நாடினாங்க. 47 புது இடங்கள் தெரிய வந்துச்சு, 65 மரபணு வரிசைகள் கிடைச்சுது. 2023-ல ஒரு புது இனத்துக்கே 'பாபுலி'னு பேர் வச்சாங்க. லத்தீன்ல 'மக்களுடைய'ன்னு அர்த்தம்.

பரிணாம விஷயம் இங்கதான். இந்த இனங்கள் வெளியில பார்க்க ஒரே அச்சு, மரபணு தனித்தனி. காய்ச்சல் ஒரே மாதிரி இருக்கும், டெஸ்ட்ல ஒருத்தருக்கு டெங்கு, இன்னொருத்தருக்கு டைபாய்டுனு வருமே, அந்த மாதிரி.

கிணத்துல ப்ளீச்சிங் பவுடர் போடச் சொல்றதும் எங்க ஆளுங்கதான். குளோரின் மீனைக் கொல்லும். ஆனா காலராவை நினைச்சா அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். கேரளத்துல சொந்தக்காரங்க இருந்தா ஒண்ணு மட்டும் சொல்லி வைங்க: வாளியில சிவப்பா ஏதாவது நெளிஞ்சா புழுனு கொட்டிடாம, தேதியும் ஊர் பேரும் போட்டு ஒரு போட்டோ எடுத்து வைக்கட்டும்.