நட்சத்திரக் கப்பலில் ஒரு நாற்காலி

நம்முடைய பழைய மேடை நாடகங்களில் ஒரு சேவகன் வருவான். "மகாராஜா! அயல்நாட்டுத் தூதர் வாசலில் காத்திருக்கிறார்" என்று அறிவித்துவிட்டு ஒதுங்கி நிற்பான். அவனுக்கு ஊர் கிடையாது, பேர் கிடையாது, தாய் தகப்பன் கிடையாது. அன்று ராஜா வேஷம் போட்டவர் சொதப்பினால் ஜனங்கள் கேலி செய்வார்கள். சேவகன் வராமலே போனால்கூட யாரும் கவனிக்கமாட்டார்கள்.

கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த மாதிரிப் பாத்திரங்களிடத்தில் ஒரு தனி அபிமானம் உண்டு. ஆசிரியன் அவர்களை அவசரத்தில் படைத்துவிடுகிறான். படிக்கிறவர்களோ சில சமயம் கதாநாயகனை விட்டுவிட்டு அவர்களைப் பிடித்துக்கொள்கிறார்கள். அது ஏன் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நிஷெல் நிக்கல்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியின் ஞாபகம் வருகிறது. டெலிவிஷனில் அவர் ஏற்ற வேஷமும் ஏறக்குறைய அந்தச் சேவகன் வேஷந்தான். அதை வைத்துக்கொண்டு அவர் செய்த காரியமோ மகாராஜாக்களால்கூட ஆகாதது.

சிகாகோ நகரத்துக்குத் தெற்கே ராபின்ஸ் என்று ஒரு சிற்றூர். கறுப்பின மக்களே குடியிருந்து, கறுப்பின மக்களே நிர்வாகம் செய்த ஊர் அது. அங்கே 1932-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் தேதி பிறந்த இந்தப் பெண்ணுக்கு முதலில் வைத்த பெயர் கிரேஸ். அந்தப் பெயர் பிடிக்கவில்லை என்று குழந்தை அடம் பிடிக்கவே, நிஷெல் என்று மாற்றினார்கள். தகப்பனார் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அந்த ஊரின் மேயராகவும் நீதிபதியாகவும் இருந்தவர். நாடு முழுவதும் கறுப்பருக்குப் பின்வாசலைக் காட்டிக்கொண்டிருந்த காலத்தில், தன் வீட்டுக் கூடத்திலேயே அதிகாரமும் கௌரவமும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வளர்ந்த பெண் அவர். பிற்காலத்தில் நடந்ததையெல்லாம் புரிந்துகொள்ள இந்த ஒரு விவரம் மிகவும் அவசியம்.

பாலே நடனம் கற்றுக்கொண்டார். பாட்டு இயற்கையாகவே வந்தது. டியூக் எல்லிங்டன், லயனல் ஹாம்ப்டன் என்ற இரண்டு ஜாஸ் மேதைகளின் கோஷ்டிகளோடு ஊர் ஊராகச் சென்று பாடினார், ஆடினார். 1959-இல் வெளிவந்த "போர்கி அண்ட் பெஸ்" படத்தில் நடனமாடினார். ஆனால் அவருடைய மனம் முழுவதும் நியூயார்க் நகரத்து பிராட்வே நாடக மேடையிலேயே இருந்தது. ஆடலும் பாடலும் நடிப்பும் ஒன்றாகக் கலந்த அந்த மேடையில் ஒரு நாள் தம் பெயர் விளக்கொளியில் மின்ன வேண்டும் என்பதுதான் அவருடைய வாழ்நாள் ஆசை. சினிமாவும் டெலிவிஷனும் அவருக்கு வழியில் தங்கும் சத்திரங்கள்.

அப்படித் தங்கின சத்திரம் ஒன்றிலேதான் ஜீன் ராடன்பெரி என்ற தயாரிப்பாளரைச் சந்தித்தார். ராடன்பெரி எடுத்துக்கொண்டிருந்த ராணுவத் தொடர் ஒன்றில், நிறவெறுப்பைப் பற்றிய ஒரு கதையில் 1964-இல் நிஷெல் நடித்தார். அன்று அதை ஒளிபரப்ப டெலிவிஷன்காரர்கள் துணியவில்லை. நேரே சொன்னால் விடமாட்டார்கள் என்பது ராடன்பெரிக்குப் புரிந்துவிட்டது. ஆகவே சொல்ல வேண்டியதையெல்லாம் முந்நூறு வருஷத்துக்கு அப்பால் கொண்டுபோய், ஆகாயத்தில் வைத்துச் சொல்லத் தீர்மானித்தார். 1966-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் தேதி ஆரம்பமான "ஸ்டார் டிரெக்" தொடர் அப்படிப் பிறந்ததுதான்.

இருபத்து மூன்றாம் நூற்றாண்டில் "என்டர்பிரைஸ்" என்ற கப்பல் நட்சத்திரங்களுக்கிடையே பிரயாணம் செய்கிறது. அதில் செய்திப் போக்குவரத்தைக் கவனிக்கும் அதிகாரி ஒரு கறுப்பினப் பெண். வேஷத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த அன்று நிஷெல் கையில் ஒரு நாவல் வைத்திருந்தார். அதன் பெயர் "உஹூரு". ஸ்வாஹிலி மொழியில் சுதந்திரம் என்று அர்த்தம். அந்தச் சொல்லைக் கொஞ்சம் மென்மையாக்கி, பாத்திரத்துக்கு உஹூரா என்று பெயர் வைத்தார்கள்.

பெயர் என்னவோ கம்பீரமாகத்தான் இருந்தது. வேலை? காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, "கேப்டன், செய்தி வருகிறது", "கேப்டன், தொடர்புக்கு வழி திறந்திருக்கிறது" என்று சொல்வதுதான். கதை எழுதும்போது உஹூராவுக்கு இருந்த வசனம், படம் பிடிக்கும்போது பாதியாகக் குறையும். எப்போதாவது ஒரு பாட்டுக் கிடைத்தது. மற்ற வாரங்களிலெல்லாம் நாற்காலிதான்.

முதல் வருஷம் முடிந்ததும் நிஷெல் ஒரு முடிவுக்கு வந்தார். பிராட்வே கூப்பிட்டது. ராடன்பெரியிடம் போய் ராஜிநாமாவைக் கொடுத்தார். "இரண்டு நாள் யோசித்துவிட்டு வா" என்று அவர் சொல்லியனுப்பினார்.

அந்த வாரக் கடைசியில் கறுப்பின மக்களின் உரிமைக்காக நிதி திரட்டும் ஒரு விழா. அதற்குப் போயிருந்த நிஷெலிடம் ஒருவர் வந்து, உங்கள் ரசிகர் ஒருவர் உங்களைப் பார்க்க விரும்புகிறார் என்றார். திரும்பிப் பார்த்தால் எதிரே நின்றவர் மார்ட்டின் லூதர் கிங்! தாமும் மனைவியும் இரவில் குழந்தைகளை விழித்திருந்து பார்க்க அனுமதிக்கும் ஒரே நிகழ்ச்சி அதுதான் என்று கிங் சொன்னாராம். நிஷெல் தாம் விலகப்போகும் செய்தியைச் சொன்னதும் கிங்கின் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. அது கூடவே கூடாது; வேலைக்காரியாகவும் சமையற்காரியாகவும் இல்லாமல், அறிவும் தகுதியும் உள்ள மனுஷியாக நம் இனத்துப் பெண் ஒருத்தியை உலகம் இப்போதுதான் பார்க்கிறது; நீங்கள் எழுந்து போய்விட்டால் அந்த இடத்தில் யாரை வேண்டுமானாலும் உட்கார வைத்துவிடுவார்கள் என்று வாதாடினார். இது நிஷெல் பல மேடைகளில் சொல்லிய வரலாறு. திங்கட்கிழமை அவர் ராஜிநாமாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

இந்த இடத்தில் என் மனம் கொஞ்சம் தயங்குகிறது. கிங் சொன்னது எவ்வளவு பெரிய உண்மை! ஆனால் அதற்கு விலை கொடுத்தவர் யார்? பாடத் தெரிந்த ஒருத்தியைப் பார்த்து, "நீ பாடாதே அம்மா, அந்த நாற்காலியில் உட்கார்ந்திரு, உன் ஜனங்களுக்கு அது போதும்" என்று சொன்னால், அந்த வார்த்தை எத்தனை கனம் கனக்கும்? லட்சியத்தின் பெயரால் தனி மனிதரின் ஆசையைக் கேட்டு வாங்கிக்கொள்ள யாருக்கு உரிமை உண்டு? நம் நாட்டிலும் சுதந்திரப் போராட்டக் காலத்தில் எத்தனையோ பேர் இந்தக் கேள்விக்கு வாய் திறவாமல் பதில் சொல்லிவிட்டுச் சிறைக்குப் போனார்கள். நிஷெலும் வாய் திறவாமல் நாற்காலிக்குத் திரும்பினார்.

1968-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கிங் சுடப்பட்டு இறந்தார். அதே வருஷம் நவம்பரில் கேப்டன் கர்க்கும் உஹூராவும் முத்தமிடும் காட்சி ஒன்று ஒளிபரப்பாயிற்று. வெள்ளையரும் கறுப்பரும் மணந்துகொள்வதைத் தடை செய்யும் சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. தென்மாநிலங்களில் ரகளை வருமென்று பயந்த அதிகாரிகள், முத்தம் இல்லாமலும் ஒரு காட்சி எடுக்கச் சொன்னார்கள். கர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர் அந்த இரண்டாவது காட்சியில் வேண்டுமென்றே மாறுகண் போட்டுக் காரியத்தைக் கெடுத்துவிட்டார் என்று நிஷெல் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. பயந்தபடி ரகளை ஒன்றும் நடக்கவில்லை. ஜனங்கள் எப்போதும் அதிகாரிகளைவிடச் சற்று முன்னே போய்க்கொண்டிருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

1969-இல் தொடர் நின்றது. மொத்தம் 79 கதைகள். சாதாரணமாக ஒரு நடிகையின் சரித்திரம் இத்துடன் முடிந்திருக்கும். நிஷெலின் சரித்திரத்தில் முக்கியமான அத்தியாயம் இதற்குப் பிறகுதான் வருகிறது.

அமெரிக்க விண்வெளி நிலையமான நாஸா அதுவரை தேர்ந்தெடுத்த விண்வெளி வீரர்கள் அத்தனை பேரும் வெள்ளைக்கார ஆண்கள். சந்திரனில் காலடி வைத்த பன்னிரண்டு பேரும் அப்படித்தான். கதையில் 1966-லேயே ஆகாயத்துக்குப் போய்விட்ட கறுப்புப் பெண், நிஜத்தில் பூமியை விட்டுக் கிளம்பவே இல்லை. நிஷெல் இதைப் பகிரங்கமாகக் கேட்டார். "அப்படியானால் நீங்களே வந்து ஆள் சேர்த்துக் கொடுங்கள்" என்றது நாஸா. சரி என்றவர் ஒரு நிபந்தனையும் போட்டார்: தகுதியுள்ளவர்களை நான் கொண்டுவந்து நிறுத்துகிறேன், அதற்குப் பிறகும் பழையபடியே செய்தீர்களானால் ஊரறியச் சொல்லிவிடுவேன்!

1977-ஆம் ஆண்டு சில மாதங்கள் அவர் நாடெங்கும் சுற்றினார். சர்வகலாசாலைகளுக்கும் விஞ்ஞானிகளின் சங்கங்களுக்கும் போனார். விளம்பரப் படத்தில் தோன்றி, "இது உங்களுக்கும் உரிய இடம்" என்று அழைத்தார். எண்ணாயிரத்துக்கு மேல் விண்ணப்பங்கள் குவிந்தன. 1978 ஜனவரியில் 35 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அவர்களில் ஆறு பேர் பெண்கள். மூன்று பேர் கறுப்பினத்தவர். ஒருவர் ஜப்பானிய வம்சத்தவர். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஸாலி ரைட் 1983 ஜூனில் விண்வெளி சென்ற முதல் அமெரிக்கப் பெண்மணியானார். அதே வருஷம் ஆகஸ்டில் கையன் புளூஃபோர்டு என்ற கறுப்பின வீரர் போய்வந்தார்.

அந்த முப்பத்தைந்து பேரில் நான்கு பேர் திரும்பி வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1986-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி "சாலஞ்சர்" ஓடம் கிளம்பி எழுபத்து மூன்றாவது விநாடியில் சிதறியபோது, ஜூடித் ரெஸ்னிக், ரொனால்டு மக்நேர், எலிஸன் ஒனிஸூகா, டிக் ஸ்கோபி ஆகிய நால்வரும் மற்ற மூவரோடு மாண்டார்கள். முதலாமவர் பெண், இரண்டாமவர் கறுப்பினத்தவர், மூன்றாமவர் ஜப்பானிய வம்சத்தவர். "உங்களுக்கும் இடம் உண்டு" என்று கூப்பிடுகிறவர்கள், அந்த இடத்தில் இருக்கும் அபாயத்துக்கும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். கிங் அன்று நிஷெலிடம் கேட்டது ஒரு கலைஞரின் ஆசையை. நிஷெல் கூப்பிட்டுப் போனவர்களோ உயிரையே கொடுக்க நேர்ந்தது. ஆனாலும் கதவு மறுபடி மூடப்படவில்லை. 1992 செப்டம்பரில் மே ஜெமிஸன் என்ற கறுப்பினப் பெண் டாக்டர் விண்வெளிக்குப் பறந்தார். சிறுமியாக இருந்தபோது உஹூராவைப் பார்த்துக் கனவு கண்டவர் அவர். அங்கே ஒவ்வொரு முறையும் தம் வேலையைத் தொடங்கும்போது, "தொடர்புக்கு வழி திறந்திருக்கிறது" என்று உஹூராவின் வசனத்தையே சொல்லித் தொடங்கினாராம்!

நடிகைக்கு அற்பமாகத் தோன்றிய அதே வசனம்!

கிங் கேட்டது நியாயமா என்ற கேள்விக்கு இதுதான் பதிலா? முழுப் பதில் என்று நான் சொல்லமாட்டேன். பிராட்வே மேடையில் நிஷெல் பாடியிருக்கக்கூடிய பாட்டுக்கள் யாருடைய காதிலும் விழாமலே போய்விட்டன. அந்த நஷ்டம் நஷ்டந்தான். ஆனால் ஒன்று நிச்சயம். கொடுத்ததை எண்ணி அவர் ஏங்கிக்கொண்டு உட்காரவில்லை. பிறர் கேட்டதற்காகத் திரும்பிப் போய் உட்கார்ந்த அந்த நாற்காலியைத் தமக்கே சொந்தமான ஒரு மேடையாக ஆக்கிக்கொண்டார்.

நிஷெல் 2022-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி தமது 89-ஆம் வயதில் காலமானார். 2024 ஜனவரியில் ஒரு ராக்கெட்டு அவருடைய அஸ்தியில் ஒரு சிறு பகுதியைச் சுமந்து சென்று, சூரியனைச் சுற்றும் பாதையில் விட்டது. ராடன்பெரியின் அஸ்தியும் அதே கலத்தில் போயிற்று.

இன்னொரு விஷயம். 79 கதைகள், அதற்கப்புறம் நிஷெல் நடித்த ஆறு சினிமாப் படங்கள், இவை எதிலும் உஹூராவின் முழுப் பெயரை யாரும் உச்சரிக்கவே இல்லை. 2009-இல் வேறொரு நடிகை அந்த வேஷத்தில் நடித்த படத்தில்தான் அது முதன்முதலாகத் திரையில் ஒலித்தது. நியோட்டா உஹூரா. ஸ்வாஹிலி மொழியில் நியோட்டா என்றால் நட்சத்திரம்.